றேடியோ விமானத்துக்கு டிசைன் போட்ட கவரிங்: புதிதாகத் தொடங்குபவருக்கு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து “கவரிங் இருக்கா?” என்று கேட்டால் காப்பு, சங்கிலி, தோடு என்று தட்டுத் தட்டாக எடுத்து வைப்பார்கள். நான் சொல்லப்போகிற கவரிங் வேறு. றேடியோவால் ஓட்டும் மாதிரி விமானத்தின் பல்சா மரச் சட்டத்துக்கு மேலே அயன்பெட்டியால் சூடு காட்டி ஒட்டுகிற பிலிம் அது. ஒரு பக்கம் பசை. சூடு பட்டால் பசை பிடிக்கும், இன்னும் சூடு பட்டால் பிலிம் சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகும். ஒற்றை நிறத்திலும் வரும். சதுரக் கட்டம், கோடு, நெருப்புச் சுவாலை, நட்சத்திரம், இராணுவப் பச்சை, கார்பன் நெசவு என்று டிசைன் போட்டும் வரும்.

புதிதாகத் தொடங்குகிற எல்லாருக்கும் டிசைன் போட்டதில்தான் கண் போகும். எனக்கும் போனது. இணையத்தில் படம் பார்த்து, நீலமும் வெள்ளையுமாக ஒரு சென்ரிமீற்றர் கட்டம் போட்ட றோல் ஒன்றை எடுப்பித்து, முதல் விமானத்தின் மேல், கீழ், வால், உடம்பு எல்லாவற்றையும் அதாலேயே சுற்றினேன். மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் போலிருந்தது. கல்லுண்டாய் வெளியில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஏற்றினேன். மூன்றாவது வளைவில் அது ஒரு சாம்பல் துண்டாகிவிட்டது. என்னை நோக்கி வருகிறது என்று நினைத்தேன். அது விலகிப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் சரிகிறது என்று வலப்பக்கம் கொடுத்தேன். அது ஏற்கெனவே வலப்பக்கம்தான் சரிந்திருந்தது. சேற்றுக்குள் இருந்து எடுத்தபோது ஒரு சிறகு இரண்டாக முறிந்திருந்தது. கவரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி கடைப் படத்தில் தொடங்கவில்லை. நூறு மீற்றருக்கு அப்பால் தொடங்குகிறது. கணக்குகளுக்கு 1.2 மீற்றர் சிறகு விரிவு, 20 சென்ரிமீற்றர் சிறகு அகலம், பற்றரி மோட்டர் உள்ள ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணுக்கு எவ்வளவு தெரியும்

நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. நூறு மீற்றர் தூரத்தில் அது சுமார் 3 சென்ரிமீற்றர். அதைவிடச் சிறிய கட்டங்கள் அந்தத் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் என்றால் சாம்பல், நீலமும் வெள்ளையும் என்றால் வெளிறிய நீலம். 3 சென்ரிமீற்றர் என்பதும் ஆகக் குறைந்த எல்லைதான். விமானம் ஓடுகிறது, சரிகிறது, கண்ணில் வெயில் அடிக்கிறது. அதனால் கட்டம் 5 சென்ரிமீற்றராவது இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. 20 சென்ரிமீற்றர் சிறகில் அப்போது முன்னிருந்து பின்னுக்கு நான்கு கட்டம் வரும். அது காணும்.

இன்னொன்று. மத்தியான வெளிச்சத்தில் எங்கள் வானம் நீலமே இல்லை, வெளிறிய வெள்ளை. அதற்கு எதிரே விமானத்தின் அடிப்பக்கம் நிழல். அந்த நிலையில் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் ஒரே கருமையாகத்தான் தெரியும். நிறம் தோற்கும் இடத்தில் நிற்பது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். சிவப்பும் நீலமும் கலந்த கட்டத்தைவிட, கறுப்பும் வெள்ளையும் அல்லது கருநீலமும் மஞ்சளும் கலந்த கட்டம் எப்போதும் மேல். விமானம் தாழ வந்து பனங்கூடல் பின்னணிக்குள் புகும்போது நிலைமை தலைகீழாகும்: அப்போது வெள்ளையும் மஞ்சளும் காப்பாற்றும், கருநிறம் பனைக்குள் தொலையும்.

பட்டம் கட்டுகிறவர்களுக்கு இது புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் தை மாதத்துக்கு எட்டுமூலையும் கொக்கும் கட்டுகிற ஒரு அண்ணை, என்னுடைய நீலக் கட்டத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உது கிட்ட நிண்டு பாக்கிற சாமான். மேல போனா வடிவு தெரியாது, திட்டுத்தான் தெரியும். பெரிய திட்டா ஒட்டு.” வாங்குவதற்கு முதல் அவரிடம் கேட்டிருக்கலாம்.

படலைச் சோதனை

காசு அனுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். விருப்பமான டிசைனின் படத்தை உண்மையான அளவில் ஒரு ஏ4 தாளில் அச்செடுங்கள். கட்டம் எத்தனை சென்ரிமீற்றர் என்று விற்பவர் சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் கேளுங்கள், கேட்டும் சொல்லாவிட்டால் அந்த றோல் வேண்டாம். தாளைப் படலையில் குத்திவிட்டு ஒழுங்கை வழியே 130 எட்டு நடவுங்கள், ஏறத்தாழ நூறு மீற்றர். திரும்பிப் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நல்லது. ஒரே பூச்சாகத் தெரிந்தால் அந்த டிசைன் உங்கள் சிறகுக்கு ஆகாது. ஒழுங்கை நெடுக நிற்கிற சனம் என்ன விசர் வேலை என்று கேட்கும். பரவாயில்லை.

எந்த டிசைன் எங்கே

புதியவருக்கு என் தீர்ப்பு இதுதான்: டிசைன் ஓர் இடத்தில் மட்டும், சிறகின் அடியில். மேற்பக்கம் ஒற்றை நிறம். மேலும் கீழும் வேறுபட்டால்தான் விமானம் புரண்டு கிடக்கிறதா நேரே போகிறதா என்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே டிசைன் என்றால், அது எவ்வளவு பெரிய கட்டமானாலும், அந்த உதவி இல்லை. மேலும், மலிவான டிசைன் பிலிம்களில் வெள்ளை நிலம் முழுதாக ஒளியைத் தடுக்காது. வெயில் மேலே இருக்கும்போது மேற்பக்கக் கட்டம் அடிப்பக்கக் கட்டத்துக்குள் நிழலாக விழுந்து இரண்டும் குழம்பும்.

சதுரக் கட்டம் அடிப்பக்கத்துக்கு முதலிடம். சிறகு நீளத்துக்குக் குறுக்கே ஓடும் அகலமான கோடுகளும் நல்லவை, அதுவும் நான்கோ ஐந்தோ கோடுகள் மட்டும் என்றால் இன்னும் நல்லவை. நெருப்புச் சுவாலை சிறகின் முன்விளிம்பில் பெரிதாக வந்தால் பார்க்கலாம். றோலில் அச்சடித்து வருவது பெரும்பாலும் சின்னச் சின்னச் சுவாலை, மேலே போனதும் அழுக்கு மாதிரி இருக்கும். நட்சத்திரமும் அப்படியே. கார்பன் நெசவு இருபது மீற்றரில் வெறும் கருஞ்சாம்பல். பற்றரி மூடிக்கோ மோட்டர் மூடிக்கோ ஒரு துண்டு ஒட்டி ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். இராணுவப் பச்சை டிசைன் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கென்றே கண்டுபிடித்தது. அதைப் பயிற்சி விமானத்துக்குப் போடுகிறவர் பிறகு என்னைக் கேட்கக்கூடாது.

வெள்ளி மினுக்கம் போட்டதை முதல் விமானத்துக்குத் தொடவே வேண்டாம். அரம்தாள் போடாமல் விட்ட ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும்.

தாளைக் கவிழ்க்க முடியாது

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகக் கூடுதலாகப் பிலிம் வீணாவதும் இதில்தான்.

இடச்சிறகும் வலச்சிறகும் கண்ணாடியில் பார்த்த உருவங்கள். வலது காற் செருப்பு இடது காலுக்குப் பொருந்தாதே, அது மாதிரி. ஒற்றை நிறப் பிலிமுக்கு இது பிரச்சினை இல்லை. டிசைன் பிலிமில் பசை ஒரு பக்கம் மட்டும் என்பதால் தாளைக் கவிழ்த்துப் போட முடியாது. சுற்றித் திருப்பத்தான் முடியும்.

சாய்கோட்டு டிசைன் ஒன்றை எடுங்கள். கோடு இடமிருந்து வலமாக மேலே ஏறுகிறது. அதை அரைச் சுற்றுத் திருப்பினாலும் கோடு அதே திசையில்தான் ஏறும். ஒரு தாளில் கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள், நம்புவீர்கள். ஆகவே இரண்டு சிறகிலும் கோடு ஒரே பக்கம் சாய்ந்து, விமானம் முழுக்க ஒரு பக்கம் இழுபட்டதுபோல இருக்கும். அம்புமுனை மாதிரி நடுவில் சேரவேண்டுமென்றால் ஒரு துண்டைக் கால்சுற்றுத் திருப்பி வெட்டவேண்டும். கோடு சரியாக 45 பாகை என்றால்தான் அதுவும் பொருந்தும். அப்படி வெட்டப்போனால் இன்னொரு சிக்கல்: றோலின் அகலம் சுமார் 60 சென்ரிமீற்றர், சிறகின் பாதிக்கு விளிம்பு மடிப்போடு 66 வேண்டும். அகலத்தில் அடங்காது, ஒட்டுப்போடவேண்டும். போதாததற்கு, பிலிம் நீளப்பக்கம் சுருங்குகிற அளவும் அகலப்பக்கம் சுருங்குகிற அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பமுடியாது.

சதுரக் கட்டத்துக்கு இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. எப்படித் திருப்பினாலும் கட்டம் கட்டமே. கட்டத்தை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு இது பாதிக் காரணம்.

எவ்வளவு, எந்த வகை

பாதிச் சிறகு 60 க்கு 20. சுற்றிவர 3 சென்ரிமீற்றர் விட்டால் 66 க்கு 26. இப்படி இரண்டு துண்டு பக்கம் பக்கமாக 52, றோலின் 60 க்குள் அடங்கும். ஆகவே அடிப்பக்கம் முழுவதற்கும் 66 சென்ரிமீற்றர் நீளம் போதும். கட்டம் பொருத்துவதற்கு ஒரு கட்ட அகலம் கூட்டுங்கள். டிசைன் பிலிம் ஒரு மீற்றர் காணும். 2 மீற்றர் றோல் வாங்கினால் அடுத்த விமானத்துக்கும் கிடக்கும். ஒற்றை நிறம்தான் கனக்க வேண்டும், உடம்பும் வாலும் மேற்பக்கமும் அதுதானே.

ஜேர்மனியில் லைப்சிக் நகரில் செய்யும் ஒராகவர் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அமெரிக்காவில் அதுவே அல்ட்ராகோட் என்ற பெயரில் விற்றது. அவர்களின் ‘ஃபன்’ வரிசையில் சதுரக் கட்டங்கள் உண்டு. மொனோகோட் பழைய பெயர். இறுகுவதற்குக் கூடச் சூடு கேட்கும். சீனாவிலிருந்து வரும் பெயரில்லாத றோல்களில் டிசைன் ஏராளம், விலையும் குறைவு. தரம் றோலுக்கு றோல் மாறும். ஆனால் கட்டம் போட்ட அடிப்பக்கத்துக்கு மட்டும் என்றால் அவற்றையும் பயன்படுத்தலாம், கீழே சொல்லும் துண்டுச் சோதனையைத் தாண்டினால்.

நிறை பார்க்கவேண்டும். ஒளி புகாத சாதாரணப் பிலிம் சதுர மீற்றருக்கு 60 முதல் 70 கிராம் வரை. எங்கள் சிறகின் மேலும் கீழும் சேர்ந்து 0.48 சதுர மீற்றர், ஆக 30 கிராம் சொச்சம். சிறகில் இது பெரிய பாரமில்லை. வாலில்தான் கவனம். ஈர்ப்பு மையத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால் 3 கிராம் கூடினால், 20 சென்ரிமீற்றர் முன்னால் மூக்கில் 9 கிராம் ஈயம் வைக்கவேண்டிவரும். வாலுக்கு மேலே ஒரு அடுக்கு, அதற்கு மேலே நட்சத்திரம், அதற்கு மேலே பெயர் என்று அடுக்காதீர்கள்.

ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) விமானத்துக்கு இந்தப் பிலிமை அப்படியே ஒட்டப் பார்க்கவேண்டாம். பசை பிடிக்கிற சூட்டுக்கே ரிஜிபோம் குழிந்துபோகும். அதற்குக் குறைந்த சூட்டில் ஒட்டுகிற தனி வகை உண்டு.

இணையத்தில் எடுப்பிக்கும்போது பிலிமின் விலையோடு அனுப்புகிற செலவும் தீர்வையும் சேரும். றோல் 60 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான குழாய் என்பதால் தபால் கூலி நிறையைவிட அளவில்தான் ஏறும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே குழாய்க்குள் எடுப்பித்தால் ஆளுக்குக் குறையும். இறுக்கமான மட்டைக் குழாய்க்குள் வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு ஒரு தடவை றோலை இரண்டாக மடித்து உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒற்றை நிறமென்றால் மடிப்பு சூட்டில் ஓரளவு மறையும்; அச்சடித்த கட்டத்தில் மடிப்புக் கோட்டில் மை வெடித்து நரம்பு மாதிரித் தெரிந்தது. கடைசிவரை போகவில்லை.

துண்டுச் சோதனை

றோல் வந்ததும் ஓரத்தில் 10 க்கு 10 சென்ரிமீற்றர் சதுரம் மூன்று வெட்டுங்கள்.

முதல் துண்டின் மேற்பக்கத்தைப் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடையுங்கள். மை பஞ்சில் ஏறினால், பசைக் கறையை அந்தப் பிலிமில் தின்னரால் துடைக்கக்கூடாது என்று குறித்துவையுங்கள். கிளோ எண்ணெயில் (மெதனோல் கலந்த மாதிரி விமான எரிபொருள்) ஓடும் எஞ்சின் விமானமென்றால் அந்த எண்ணெயாலும் துடைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பறப்பிலும் அது சிறகில் தெறிக்கும்.

இரண்டாவதைப் பல்சாத் துண்டொன்றில் ஒட்டி, ஆறவிட்டு, உரியுங்கள். சில பிலிமில் நிறம் பசையோடு மரத்திலேயே தங்கிவிடும். அப்படியானால் பிழையாக ஒட்டியதை உரித்துத் திரும்ப ஒட்டலாம் என்ற நினைப்பை விடவேண்டும்.

மூன்றாவதைச் சுருங்கும் சூட்டில் காட்டி, நீளத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளவுங்கள். எந்தப் பக்கம் கூடச் சுருங்கியது என்று றோலின் உட்பக்க மட்டையில் பேனையால் எழுதிவையுங்கள். கட்டம் வளையாமல் ஒட்டுவதற்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

சூடு

இதற்கென்று சின்ன அயன் விற்கிறது. இல்லாவிட்டால் வீட்டில் உடுப்பு மினுக்குகிற அயனே போதும், நீராவித் துளை இல்லாத பழையது திறம். அடியில் ஒட்டின கஞ்சியைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். அம்மாவிடம் கேட்டு எடுங்கள். பசை பிடித்த அயனால் வெள்ளைச் சேட்டை மினுக்கி நான் வாங்கிய பேச்சு போதும்.

அயனின் திருகில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி இருக்கும். சுமார் 110, 150, 200 பாகை செல்சியஸ். ஒராகவர் வகைக்கு ஒட்டுவதற்கு ஒரு புள்ளி, இறுக்குவதற்கு இரண்டு புள்ளியும் கொஞ்சமும். மூன்றாவது புள்ளிக்குப் போனால் பிலிம் கெட்டு ஓட்டை விழலாம். அயனின் சூடு நிலையாக நிற்காது, சிவப்பு லைற் அணைந்து எரிய ஏறி இறங்கும். லைற் அணைந்த கையோடு ஒட்டாமல் கொஞ்சம் பொறுங்கள்.

அச்சடித்த பிலிமில் வெறும் இரும்பு படக்கூடாது. பழைய பருத்தி வேட்டித் துண்டொன்றை அயனின் அடியில் இழுத்துக் கட்டுங்கள். ஒற்றை நிறத்தில் சின்னக் கீறல் தெரியாது. கட்டத்தில் கறுப்புச் சதுரத்துக்கு நடுவே வெள்ளைக் கீறல் பளிச்சென்று நிற்கும்.

ஒட்டுகிற நாள்

மாரியில் ஒட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பல்சா ஈரத்தைக் குடித்திருக்கும். அயன் பட்டதும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பும். அது தப்பினாலும், பங்குனி வெயிலில் மரம் காய்ந்து ஒடுங்கப் பிலிம் தொய்யும். அவசரமென்றால் சட்டத்தை இரண்டு நாள் அடைத்த அறைக்குள் மின்குமிழ் ஒன்றின் கீழ் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

மின்விசிறியை நிற்பாட்டவேண்டும், அது பிலிமைத் தூக்கும், அயனையும் ஆற்றும். நிற்பாட்டினால் வேர்க்கும். வேர்வை ஒரு சொட்டு மரத்தில் விழுந்தாலும் அந்த இடம் ஒட்டாது. நெற்றியில் துவாயைக் கட்டிக்கொண்டு விடியப்புறமே தொடங்குவதுதான் வழி.

சட்டத்தை 240 அரம்தாளிலும் பிறகு 400 இலும் தேய்த்து, தூசியை ஈரமில்லாத துணியால் முழுதாக எடுங்கள். வெள்ளைக் கட்டத்துக்குக் கீழே வரும் பென்சில் கோடு, பசைக் கறை எல்லாவற்றையும் தேய்த்து நீக்குங்கள், அவை ஊடே தெரியும்.

பிலிமின் பசைப் பக்கத்தில் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். மூலையின் இரு பக்கமும் செலோரேப் ஒட்டி எதிரெதிரே இழுத்தால் பிரியும். சிரிக்காதீர்கள், அதை எடுக்காமலே அரைமணி நேரம் மினுக்கிவிட்டு “பசை இல்லாத றோலை அனுப்பிப் போட்டாங்கள்” என்று சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

முதலில் ஒற்றை நிறத்தில் வாலும் றடரும் (வாலில் நிமிர்ந்து நிற்கும் திருப்புப் பலகை) செய்து கை பழகுங்கள். கட்டத்துக்கு வரும்போது சிறகைக் கவிழ்த்துப் போட்டு, நடுச் சேர்க்கையில் ஒரு கோடும் பின்விளிம்புக்குச் சமாந்தரமாக ஒரு கோடும் மனதில் வையுங்கள், மரத்தில் வேண்டாம். கட்டத்தின் வரிசை பின்விளிம்போடு ஒட்டி ஓடவேண்டும். பின்விளிம்பு நேரானது, கண் முதலில் அங்கேதான் போகும். முன்விளிம்பில் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டாலும் மேற்பிலிம் வந்து மூடிவிடும். நடுச் சேர்க்கையில் இரண்டு பக்கமும் முழுக் கட்டத்தில் தொடங்குங்கள், ஒரு பக்கம் கறுப்பு என்றால் மறுபக்கம் வெள்ளை.

நடுவில் ஒரு பொட்டளவு இடத்தை ஒட்டுங்கள். பிறகு பிலிமைச் சிறகு நுனிப் பக்கம் மெல்ல இழுத்து நுனியில் ஒரு பொட்டு. இப்போது நின்று பாருங்கள். வரிசை நேரா? இல்லையென்றால் நுனிப் பொட்டைச் சூடுகாட்டிக் கிளப்பித் திரும்ப ஒட்டுங்கள். சரியானதும் பின்விளிம்பை நடுவிலிருந்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போங்கள், அதன் பிறகு முன்விளிம்பு. இந்த நேரத்தில் சுருக்கம் இருந்தால் பயப்படவேண்டாம். ஒற்றை நிறமென்றால் இழுத்து இழுத்து ஒட்டலாம். கட்டத்தை இழுத்தால் சதுரம் வாழைப்பழமாக வளையும்.

சிறகு நுனியின் வளைவுக்குள் கட்டத்தைத் திணிக்காதீர்கள். கடைசி 5 சென்ரிமீற்றருக்கு முன்பே கட்டத்தை நிறுத்திவிட்டு, நுனியை மேற்பக்கத்து ஒற்றை நிறத்தால் மூடுங்கள். பார்ப்பதற்கும் கரை போட்ட சேலை மாதிரி எடுப்பாக இருக்கும்.

விளிம்பெல்லாம் ஒட்டிய பிறகுதான் இறுக்குதல். சூட்டுத் துப்பாக்கி (சூடான காற்று ஊதும் கருவி) ஒற்றை நிறத்துக்குச் சரி. கட்டத்துக்கு அயன்தான்: துப்பாக்கி ஒரு பக்கத்தை முதலில் சுருக்கி வரிசையை நெளித்துவிடும். வேட்டித் துணி கட்டிய அயனை இரண்டு புள்ளியில் வைத்து, நடுவிலிருந்து வெளியே, பாரம் கொடுக்காமல், தடவுகிறதுபோல நகர்த்துங்கள். தொய்ந்திருந்த பிலிம் அயனுக்குப் பின்னால் தானாக நிமிர்ந்து வருவதைப் பார்க்கலாம். மெலிந்த சிறகென்றால் ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகாதீர்கள், சிறகு முறுகும். பாதி இறுக்கி, மேற்பக்கத்தையும் ஒட்டி, பிறகு மாறி மாறி இறுக்குங்கள்.

மேற்பிலிம் முன்விளிம்பைச் சுற்றி அடிப்பக்கத்தில் 6 மில்லிமீற்றர் ஏறவேண்டும். அப்போது அதன் ஓரம் பின்னோக்கி இருக்கும், காற்று கிளப்பாது. மேற்பக்கம் மஞ்சள் மாதிரி வெளிர் நிறமென்றால் அந்த 6 மில்லிமீற்றரில் கறுப்புக் கட்டம் ஊடே தெரியும். சிவப்போ கருநீலமோ என்றால் தெரியாது. பிலிமுக்கு மேல் பிலிம் ஒட்டும்போது ஒரு புள்ளிக்கும் குறைவான சூடு. கொப்புளம் கிளம்பினால் ஊசியால் ஒரு குத்து, மேலே அயன்.

கட்டத்தை நாமே செய்தால்

நல்ல பெரிய கட்டம் றோலில் கிடைக்காவிட்டால் இதுதான் நான் இப்போது செய்வது. அடிப்பக்கம் முழுவதையும் வெள்ளையால் ஒட்டி இறுக்குங்கள். கறுப்புப் பிலிமில் 5 சென்ரிமீற்றர் சதுரங்களை இரும்பு அளவுகோலை வைத்து, ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல், புதுப் பிளேட்டால் வெட்டுங்கள். பிளேட்டை அடிக்கடி மாற்றவேண்டும், மொட்டைப் பிளேட் பிலிமைக் கிழிக்கும். சிறகில் கழுவினால் போகிற பேனையால் கட்டம் கீறி, ஒன்றுவிட்டொன்றாகச் சதுரங்களை வைத்து, குறைந்த சூட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒட்டுங்கள். மூலைகள் முட்டிக்கொள்ளவேண்டும், ஏறக்கூடாது. சிறகின் மேல் வைத்து ஒருபோதும் வெட்டாதீர்கள்: பிளேட் அடிப்பிலிமையும் மரத்தையும் சேர்த்துக் கீறும், பிறகு பறக்கும்போது முறிவது அந்த இடத்தில்தான்.

கூடும் நிறை சுமார் 8 கிராம். நாற்பத்தெட்டுச் சதுரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பறக்க முதல்

சிறகைக் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்து வெளியின் மறுகரைக்கு நடக்கச் சொல்லுங்கள். அவர் தலைக்கு மேலே பிடித்து மேலும் கீழுமாகத் திருப்பட்டும். நீங்கள் “மேல்”, “கீழ்” என்று சொல்லுங்கள், அவர் சரி பிழை சொல்லட்டும். பத்துக்குப் பத்து வந்தால் ஏற்றலாம்.

பறப்பதற்கான அனுமதியை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து முன்னமே எடுத்துக்கொள்ளுங்கள். பலாலி விமான நிலையத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். முற்றவெளியில் சனம் அதிகம். வல்லை வெளி விசாலம், ஆனால் சோளகம் பிடித்தால் காற்று உங்களைக் கேட்காது.

கருநிறக் கவரிங் போட்ட சிறகை வெயிலில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் வரும்போது சுருக்கம் விழுந்திருக்கும். நிழலில் ஆறினால் பெரும்பாலும் போகும், போகாததை அயனால் எடுக்கலாம். மிச்சப் பிலிமில் ஒரு கை அகலத்தை எறியாமல் வைத்திருங்கள், ஓட்டை விழுந்தால் கட்டத்தோடு கட்டம் பொருத்தி ஒட்டுவதற்கு.

அதற்கும் மேலே மிஞ்சியதை அந்தப் பட்டம் கட்டுகிற அண்ணையின் மகனிடம் கொடுத்தேன். ரிசுப் பேப்பருக்குப் பதிலாக இதை ஒட்டி, விண்ணும் (காற்றில் கூவும் நாண்) பூட்டி, பொங்கலன்று வெளிக்குக் கொண்டுபோனான். மத்தியானமே திரும்பி வந்து படலையடியில் நின்றான். “அண்ணை, வடிவா இருக்கு. ஆனா கனம், எழும்புதில்லை.”